சனிக்கிழமை விடிந்தால் மான் சீசன்

வருகிற சனிக்கிழமை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்குகிறது, மொத்தம் 9 நாள், முதல்முறையாகத் தனியாகப் போகிறேன். இடம் செவாமிகன்-நிக்கோலே தேசியக் காடு. 15 லட்சம் ஏக்கர், லைசென்ஸ் இருந்தால் போதும், யாரிடமும் கேட்க வேண்டாம், ஆனால் நாலு மரம் தள்ளி இன்னொருவரும் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கலாம். இடுப்புக்கு மேல் பாதி உடையாவது பளீர் ஆரஞ்சு (பளீர் பிங்க் என்றாலும் சரி) இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் தொப்பியிலிருந்து முழுக்க ஆரஞ்சு.

ரைஃபிளின் குறியை 100 கஜத்தில் சரிபார்த்தாயிற்று. தோட்டா செம்பு. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுப்போகும், ஈயத் துணுக்கு கலந்த மான் குடலைத் தின்று கழுகுகள் சாகின்றன, அது தெரிந்தபின் ஈயம் வாங்க மனசு வரவில்லை. மேசையில் ஊன்றிச் சுடுவது வேறு, மூச்சு வாங்க முட்டி போட்டுச் சுடுவது வேறு, அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரல். அந்த இடம் தெளிவாகத் தெரியாவிட்டால் சுட மாட்டேன்.

அப்புறம் கத்தி, கயிறு, கையுறை, தலைவிளக்கு. உள்ளே சிக்னல் கிடைப்பது கஷ்டம், எங்கே உட்காருவேன், எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்று வரைபடத்தில் குறித்து வீட்டில் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் போய்ப் பழகியவர்கள் யாராவது இருந்தால், பனி இல்லாவிட்டாலும் மானை இழுத்து வர ஸ்லெட் (பனியில் சறுக்கி இழுக்கும் வண்டி) உதவுமா என்று சொல்லுங்கள்.