அழுகைக்கு முன் வந்த படம்

தம்பி போன பிறகு பல மாதங்கள் அவனுக்காக நான் அழவே இல்லை. அழ விடாமல் அந்த ஒரு காட்சி முன்னால் வந்து நின்றுகொண்டது. எண்ணூர் விரைவுச் சாலை, கன்டெய்னர் டிரெய்லரின் பின் சக்கரம், பக்கத்தில் அவனுடைய ஹெல்மெட். பின்னால் ஆட்டோவில் வந்துகொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

திருவொற்றியூரில் குடியிருந்துகொண்டு கன்டெய்னர் லாரியின் கண்ணில் படாமல் இருக்க முடியுமா? துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். பிரேக்கிலிருந்து காற்று 'புஸ்' என்று வெளியேறும். அந்தச் சத்தம் போதும். அரிசி களைந்துகொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும், மூக்கில் டீசல் வாடை ஏறும். நினைவு வந்தது என்று அதைச் சொல்லக் கூடாது. எனக்கு அது மறுபடியும் நடந்தது.

காற்று கருப்பு பட்டிருக்கும் என்று அத்தை தர்காவுக்கு அழைத்துப்போய் ஓதிக் கயிறு கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இரவெல்லாம் என் பக்கத்தில் படுத்திருந்தவர் அவர்தான். பக்கத்துத் தெரு கிளினிக்கில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தூங்கினேன், விழித்ததும் அதே படம். கடைசியில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். பேரதிர்ச்சிக்குப் பிறகு இப்படி வருவது ஒரு மாதத்தைத் தாண்டியும் விடாவிட்டால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு என்றார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்திலேயே பலர் இப்படி அவதிப்பட்டிருக்கிறார்கள் என்று அங்கிருந்த உளவியலாளர் சொன்னபோதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்ற நம்பிக்கை வந்தது.

அவர் செய்யச் சொன்னது மட்டும் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடக்கிற மாதிரி முழுவதையும் சொல்ல வேண்டும். அதைப் போனில் பதிவு செய்து தினமும் வீட்டில் கேட்க வேண்டும். மறக்கத்தானே வந்தேன், இது என்ன சித்திரவதை என்று கோபமாக இருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவசரமாகத் தாண்டிவிடுவேன். "அங்கேயே கொஞ்சம் நில்லுங்கம்மா, அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள்?" என்பார். "அக்கா என்று கூப்பிட்டிருப்பான், எனக்குத்தான் கேட்கவில்லை" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த முறை பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்து வரச் சொன்னார். மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக விளக்கினார். தலைக்காயம், அந்தக் கணமே உயிர் போயிருக்கிறது. கூப்பிட அவனுக்கு நேரமே இருந்திருக்காது. அதற்குப் பிறகு அந்த இடத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வைத்தார். மாத்திரையில் ஆகாதது இந்த ஒரு வரியில் ஆயிற்று என்பேன்.

சத்தம் கேட்கும்போது செய்ய இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். ஒற்றுமையை விட்டுவிட்டு வித்தியாசத்தைத் தேட வேண்டும். அன்று உச்சி வெயில், இன்று தூறல். அன்று ஆட்டோ, இன்று என் வீட்டு அடுப்படி. அன்று அவன் இருந்தான், இன்று இல்லை. கடைசி வரியைச் சொல்லத்தான் நெடுநாள் பிடித்தது.

பிறகு சாலைக்கே போனோம். துணைக்குச் சித்தி மகள். முதலில் தெருமுனை, அப்புறம் லாரிகள் நிற்கும் ஓரம். பயம் தானாக இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும், பாதியில் ஓடி வந்தால் பயத்துக்குத்தான் பலம் கூடும்.

படம் அடங்க அடங்க, தம்பி வர ஆரம்பித்தான். கேரம் போர்டில் ஸ்டிரைக்கரை ஊதிவிட்டு வைப்பான், அடித்த பிறகு பவுடர் படிந்த விரலை என் கன்னத்தில் தேய்ப்பான். பரண் மேலிருந்த அந்தப் பவுடர் டப்பா கையில் கிடைத்த அன்றைக்குத்தான் ஓவென்று அழுதேன். பழையபடி ஆகிவிட்டதோ என்று அம்மா பயந்து ஓடி வந்தார். "இல்லம்மா, இது அவனுக்காக" என்றேன். இரண்டு பேருமாக அழுதோம்.

இப்போதும் அவன் திதியன்று அந்தச் சாலை வழியாகப் போவதில்லை. தேவைப்பட்டால் போக முடியும், ஆனாலும் போவதில்லை. அத்தை மட்டும் மாறவில்லை. தெருவில் யாருக்கு இப்படி ஆனாலும் கயிறு கட்டிவிடுகிறார். கூடவே, எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம் என்று சொல்லி, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் எழுதிக் கொடுக்கிறார்.