இடம் மாறிய பறவை நூல்

பொது நூலகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, 598.15 என்று எண்ணிட்ட நூலை 598.4-க்குப் பின்னால் அடுக்கிவிட்டேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க 1876-இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும் என்பதால் 15 இங்கே 4-க்கு முன்னால்தான் வரும். இடம் மாறிய நூலோ, பட்டியலில் இருந்தும் வாசகருக்குக் கிடைக்காத நூலாகிவிடுகிறது. பறவைகளைப் பற்றிக் கேட்டு வந்த சிறுமிக்கு அதைத் தேடித் தர அரை மணி நேரம் ஆயிற்று. 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்று 1931-இல் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த விதி அன்றுதான் எனக்கு விளங்கியது. குழந்தைகளின் கதை நேரம் முடிந்ததும் அடுக்குகள் கலைந்துதான் கிடக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. பரிந்துரை கேட்பவரிடம், அண்மையில் எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடிவைத்தீர்கள் என்றே முதலில் கேட்கிறேன். பிடித்ததைச் சொல்லத் தயங்குபவர்கள்கூடப் பிடிக்காததைத் தாராளமாகச் சொல்கிறார்கள்.