மஞ்சுலிகா பேசிய வங்காளம்

1993-இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழு' படத்தில், மலையாள வீட்டுக்குள், நாயகி தன்னையே அவளாக எண்ணிக்கொள்ளும் இறந்துபோன நடனமங்கை நாகவல்லி தமிழ் பேசினாள். கன்னட 'ஆப்தமித்ரா'விலும் நம் 'சந்திரமுகி'யிலும் அக்குரல் தெலுங்கானது. மலையாள மூலத்தின் படப்பிடிப்பில் துணை நின்ற பிரியதர்ஷன், 2007-இல் 'பூல் புலையா'வை இந்தியில் எடுத்தபோது நாகவல்லியின் இடத்தில் வரும் மஞ்சுலிகாவை வங்காளம் பேசவைத்து, பழகிய பெண்ணின் வாயிலிருந்து வேற்றுமொழி புறப்படும்போது எழும் அச்சத்தைக் காப்பாற்றியதை மனமாரப் பாராட்டுகிறேன்.

நகைச்சுவைக் காட்சிகள் சற்று நீளம்தான். வித்யா பாலன் அருமையாக நடித்திருக்கிறார், ஆயினும், மூலத்தில் நடித்துத் தேசிய விருது பெற்ற ஷோபனாவின் கண்களில் நோயும் நடனமும் பிரிக்கவியலாமல் கலந்திருந்ததே (அவர் தேர்ந்த பரதக் கலைஞர் அல்லவா!) என்னை இன்றும் உலுக்குகிறது.

மூலம் மனநோயாகக் காட்டியதை 2022-இல் வந்த 'பூல் புலையா' இரண்டாம் பாகம் உண்மைப் பேயாக்கியதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.