லாபத்தில் ஓடும் நிறுவனம் சம்பளத்துக்குத் திண்டாடுவது ஏன்?

சமூக நலனுக்காகத் தொழில் நடத்தும் சமூகத் தொழில் நிறுவனங்களுக்கு நிதி தரும் அறக்கட்டளைக்குத் தலைமை ஏற்பவர், விண்ணப்பத்தில் பயனாளிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: இவர்களின் பணம் எத்தனை நாள் வெளியே சிக்கிக் கிடக்கிறது? கணக்கில் லாபம் காட்டிக்கொண்டே மாதக் கடைசியில் சம்பளத்துக்கு அல்லாடும் நிறுவனங்கள் நிறைய. காரணம் தெரியாமல் கொடுக்கும் உதவி சில நேரம் நெருக்கடியைக் கூட்டிவிடும்.

பெண்கள் குழு ஒன்று துணிப்பை தைத்துப் பெரிய கடைகளுக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 36.5 லட்சம், நாளுக்கு 10,000. துணியைக் கைமேல் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தைத்து முடிக்க 15 நாள். தைத்த சரக்கு இன்னும் 15 நாள் கையிருப்பில் இருக்கிறது. கடைக்காரர் பில் தேதியிலிருந்து 60 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார். மொத்தம் 90 நாள். ஆக, தோராயமாக 9 லட்சம் எந்நேரமும் கைக்கு வராமல் நிற்கும். ஆண்டு லாபம் 2 லட்சம் என்றால், ஒரு காசு எடுக்காமல் சேர்த்தாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப நாலரை ஆண்டு பிடிக்கும். அதற்குள் ஆர்டர் இரட்டிப்பானால் இன்னொரு 9 லட்சம் வேண்டும். விற்பனை ஏற ஏற மூச்சு முட்டுவது இதனால்தான்.

இந்தக் குழுவுக்கு ஓர் அறக்கட்டளை பத்துத் தையல் இயந்திரம் வாங்கித் தந்தால் என்ன ஆகும்? உற்பத்தி கூடும், துணிச் செலவு கூடும், சிக்கும் பணமும் கூடும். ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி இயந்திரத்துக்கு உறை போட்டிருக்கும். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆர்டரின் பேரில் ஒரு குறுகியகாலக் கடன், அல்லது கடைக்காரரிடம் பேசி 60 நாளை 30 ஆக்கித் தரும் ஆள். இரண்டாவதற்குச் செலவே இல்லை. நாளுக்கு 10,000 என்ற கணக்கில் 3 லட்சம் விடுபடும்.

எந்தத் தேவைக்கு எந்தப் பணம் என்பதில் நான் கறாராக இருப்பேன். சுற்றித் திரும்பி வரக்கூடிய பணமென்றால் கடன். பயிற்சி, சோதனை முயற்சி, முதல் இரண்டு ஆண்டுக்குக் கணக்காளர் சம்பளம் போல, விற்பனையிலிருந்து உடனே மீளாத செலவென்றால் மானியம். வங்கி கொடுக்கத் தயாராக இருந்தும் ஜாமீன் இல்லாமல் தயங்குகிறதென்றால் உத்தரவாதம். இது புதிய யோசனையும் அல்ல. ஃபோர்டு அறக்கட்டளை 1968இலேயே மானியத்தோடு கடன், உத்தரவாதம் போன்ற முதலீடுகளையும் தொடங்கியது; அடுத்த ஆண்டே அமெரிக்க வரிச் சட்டம் அதற்கு இடம் தந்தது.

கடன் கெட்டுப்போவது பெரும்பாலும் தவணை அட்டவணையில்தான். போட்ட பணம் திரும்பி வர 90 நாள் ஆகும் சுழற்சி உள்ளவரிடம் முதல் மாதமே சமத் தவணை கேட்டால், கொடுத்த கடனிலிருந்தே எடுத்துக் கட்டுவார். முதல் தவணை அந்தச் சுழற்சி ஒரு முறையாவது முடிந்த பிறகு வர வேண்டும். பருவத் தொழிலென்றால் விற்பனை மாதங்களில் மட்டும் தவணை வையுங்கள். இன்னொன்று, மானியம் தரும் அலுவலரையே கடன் வசூலுக்கும் அனுப்பாதீர்கள். "போன தடவை சும்மாதானே கொடுத்தீங்க?" என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆளும் கோப்பும் வேறுவேறாக இருக்கட்டும்.

விண்ணப்பத்தோடு கேட்க வேண்டியவை குறைவுதான்: அடுத்த 13 வாரத்துக்கான பணவரவு செலவு மதிப்பீடு, யாரிடம் எத்தனை நாளாக எவ்வளவு பாக்கி என்ற பட்டியல், வாடிக்கையாளர்வாரியாக விற்பனை. பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம் போனால் அவர் விலகும் நாளில் நிறுவனம் படுத்துவிடும். நிறுவனத்தை நாளை யாராவது வாங்கினால் மானியத்தில் வந்த சொத்து எங்கே போகும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பிரிட்டனில் 2005 முதல் பதிவாகிவரும் சமூகநல நிறுவனங்களுக்குச் சட்டமே சொத்துப் பூட்டு போட்டிருக்கிறது, அதாவது சொத்து தனியார் லாபத்துக்குப் போகாமல் தடுத்திருக்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் உங்கள் ஒப்பந்தம்தான் பூட்டு.

நிர்வாகச் செலவை அறுக்கும் பழக்கம் எனக்கு உண்மையிலேயே வேதனை தருவது. வாடகை, தணிக்கை, கணக்கு மென்பொருள் எதற்கும் தர மாட்டோம் என்றுவிட்டு, மாதம் தவறாமல் துல்லியமான அறிக்கை கேட்பது எப்படி நியாயமாகும்? அறிக்கையை எழுதுபவருக்கும் சம்பளம் உண்டு. திட்டச் செலவோடு அதன் பங்கு நிர்வாகச் செலவையும் சேர்த்தே கொடுங்கள்.

சமுதாய மேம்பாட்டுப் பணிகளில் சிக்கல் வேறு மாதிரி. குடிநீர்த் தொட்டி, சமுதாயக் கூடம், பொதுக் கிடங்கு எல்லாம் கட்டுவது எளிது. பூட்டுச்சாவி யாரிடம், மோட்டார் எரிந்தால் எந்தக் கணக்கிலிருந்து பணம், கட்டணம் கட்டாதவரை என்ன செய்வது? இந்த மூன்றுக்கும் அங்கு வசிப்பவர்களே கூடிப் பேசி எழுத்தில் பதில் தந்த பிறகு நிதியின் முதல் தவணையைக் கொடுங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, பராமரிப்புக் கணக்கில் ஆறு மாதம் தொடர்ந்து வசூல் சேர்ந்திருப்பதை வங்கிப் புத்தகத்தில் பார்த்தபின் கொடுங்கள். திறப்பு விழாவுக்கு முன்பே அந்தக் கணக்கைத் தொடங்கியிருக்க வேண்டும். விழா முடிந்தபின் யாரையும் கூட்டத்துக்கு அழைப்பது கடினம்.