ஆள் இறந்த வீட்டை வாங்கப் போகிறவர்களுக்கு

உள்ளே ஒருவர் இறந்திருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒரு வீட்டைத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. எங்கள் ராமநாதபுரம் கரையில் தங்கச்சிமடமோ தேவிபட்டினமோ, பழைய வீடு எதை எடுத்தாலும் அதன் கூடத்தில் ஒரு தாத்தாவைக் கிடத்தியிருப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது, அதற்குப் பிறகு வீடு எத்தனை காலம் பூட்டிக் கிடந்தது என்பதைத்தான்.

அவிட்டம் முதல் ரேவதி வரையுள்ள ஐந்து நட்சத்திரங்களில் இறந்தால் ஆறு மாத அடைப்பு, அதாவது இறந்த இடத்தை அத்தனை காலம் பூட்டி வைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. ரோகிணிக்கு நான்கு மாதம், கார்த்திகைக்கும் உத்திரத்துக்கும் மூன்று. நம்புகிறவர்கள் அந்த அறையைச் சாத்தி வைப்பார்கள், சிலர் வீட்டையே விட்டுப் போவார்கள். பிறகு மகன் துபாயில், மகள் மதுரையில், யார் வந்து திறப்பது என்ற பேச்சிலேயே ஆறு மாதம் ஆறு வருடமாகிவிடும். நம் கரையின் உப்புக் காற்றுக்கு அது தாராளம். அடைத்த அறையில் ஈரம் தங்குகிறது. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது ஊதித் தள்ளுவதால்தான் மேல்தளத்தின் அடிப்பக்கம் வெடித்து உதிர்கிறது.

சுத்தியல் பிடியால் தளத்தின் அடியில் அடிக்கு ஓர் இடமாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. கம்பி போகும் வாக்கில் பழுப்புக் கோடு தெரிந்தாலும் அதே கதைதான். விற்பதற்கு முந்தின வாரம் வெள்ளையடித்த தளத்தை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு தட்ட வேண்டும். மேலே பூசி மறைத்தால் நிற்காது. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தித் துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பியை மாற்றிய பிறகுதான் பூச வேண்டும். அந்தச் செலவை மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு விலை பேசப் போங்கள். ராமேசுவரம் தீவில் பவளக்கல் சுவர் வைத்த பழைய வீடென்றால் சிமெண்ட் பூச்சு வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாக விழும். சுண்ணாம்புதான் அதற்குப் பொருந்தும்.

இறந்தவரைச் சில நாள் கழித்துத்தான் பார்த்தார்கள் என்றால் பினாயில் போட்டுத் துடைப்பது போதாது. உடலிலிருந்து கசிந்த நீர் தரை ஓடுகளின் இணைப்பு வழியே கீழே இறங்கியிருக்கும். அந்தப் பகுதி ஓடுகளையும் அடியிலுள்ள படுகையையும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

இனிப் பத்திரம். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். சாவு வராது, பதியாத உயிலும் வராது. பட்டா இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருந்தால் இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்று சொல்லும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது. வெளிநாட்டு மகன் பவர் (தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். இறந்தவரே உயிரோடிருந்தபோது எழுதிக் கொடுத்த சாதாரண பவரை ஒருவர் நீட்டினால் வாங்காதீர்கள், அவரோடு அதுவும் முடிந்தது. இந்துக் குடும்பத்தில் மைனர் பிள்ளையின் தனிப் பங்கைத் தாய் கையெழுத்திட்டு விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை 18 வயதான பிறகு மூன்று ஆண்டுக்குள் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

பாம்பன், மண்டபம் பக்கம் இன்னொரு துயரம் உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் இறப்புச் சான்று எளிதில் கிடைக்காது. ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது (முன்பு சாட்சியச் சட்டம் 108, இப்போது புதிய சட்டத்தில் 111). அதற்கும் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க வேண்டும். அந்தத் தீர்ப்பு கைக்கு வராமல், அந்த மனைவியின் நெருக்கடியைக் காட்டி யாராவது அவசரப்படுத்தினால் முன்பணம் கொடுக்காதீர்கள். அவளுக்கும் அது நல்லதில்லை.

எல்லோரும் மறப்பது இறந்தவரின் தாயைத்தான். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாதிப்பில் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு. முஸ்லிம் குடும்பத்தில், பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஆறில் ஒன்று. கிறிஸ்தவர்களிடம் பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கில்லை. மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்கு. பின்கட்டில் கட்டிலில் கிடக்கும் அந்த அம்மாவின் பெயர் வாரிசுச் சான்றில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேரன் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விற்கச் சம்மதமா, விற்ற பிறகு எங்கே இருப்பீர்கள் என்று நீங்களே கேளுங்கள்.