கேலரியில் கிடக்கும் ஆதார்

நம்மில் பலருடைய போனில் ஆதார் அட்டை இரண்டு இடங்களில் இருக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப் டவுன்லோடு ஃபோல்டரிலும், ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக எடுத்த படம் கேலரியிலும் கிடக்கும். அட்டை ஒன்றுதான் என்றாலும், போனில் உள்ள மற்ற செயலிகளின் கண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

ஆண்ட்ராய்டு 9 வரை, ஸ்டோரேஜ் அனுமதி என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால், கேமரா படங்கள், டவுன்லோடுகள், வாட்ஸ்அப்பில் வந்தவை என்று பொது இடத்தில் உள்ள அனைத்தையும் அந்தச் செயலி படிக்கவும் அழிக்கவும் முடிந்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 இதை மாற்றத் தொடங்கியது. 2020-இல் வந்த 11 அதைக் கட்டாயமாக்கியது. ஆகவே, இன்றைய விதிகளுக்கு ஏற்ப எழுதப்பட்ட ஒரு சாதாரணச் செயலி, நீங்கள் பிரௌசரில் இறக்கிய ஆதார் பிடிஎஃப்பைத் தானாகத் தேடி எடுத்துவிட முடியாது. (அந்த பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு உண்டு என்பது கூடுதல் ஆறுதல், ஆனால் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அது என்பதால் பெரிய ஆறுதல் இல்லை.)

கேலரியில் உள்ள படத்துக்கு இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது. படங்களைப் பார்க்கும் அனுமதியை முழுமையாகப் பெற்ற எந்தச் செயலியும், குடும்பப் படங்களோடு சேர்த்து ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பார்க்கலாம். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்கள், கடன் செயலிகள் போனின் கோப்புகளையும் தொடர்புப் பட்டியலையும் தொடக்கூடாது என்று சொன்னதும், கூகுள் பிளே 2023 மே இறுதி முதல் அத்தகைய செயலிகள் படங்களையும் தொடர்புகளையும் அணுகுவதைத் தடை செய்ததும் காரணமில்லாமல் அல்ல. கடன் வாங்கியவரின் படத்தை ஆபாசமாக மாற்றி, உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டிய கும்பல்களைப் பற்றிய செய்திகளைப் படிக்காதவர் குறைவு.

2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-இல், ஒரு செயலி படங்களைக் கேட்கும்போது, எல்லாவற்றையும் அனுமதிப்பதா, மறுப்பதா என்பதோடு, குறிப்பிட்ட படங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் வழியும் திரையில் வருகிறது. ஐபோனில் இது 2020 முதலே உண்டு. என்னைக் கேட்டால், கேலரி செயலிக்கும் படங்களை பேக்கப் எடுக்கும் செயலிக்கும் தவிர வேறு எதற்கும் முழு அனுமதி தேவையில்லை. சுயவிவரத்துக்கு ஒரு படம் வேண்டுமென்றால், போனே திறந்து காட்டும் படத் தேர்வுத் திரையை அழைத்தால் போதும். அதில் நாம் தொட்ட படம் மட்டுமே செயலிக்குப் போகும், அனுமதியே கேட்க வேண்டியதில்லை. இவ்வளவு எளிய வழி இருந்தும் முழு கேலரியையும் கேட்கும் செயலியை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இதைவிடப் பெரிய அனுமதி ஒன்றும் உண்டு. அமைப்புகளில், சிறப்பு அணுகல் என்ற பகுதிக்குள், எல்லா ஃபைல்களையும் அணுகக்கூடிய செயலிகளின் பட்டியல் இருக்கும். அது எங்கே இருக்கும் என்பது போனுக்குப் போன் சற்று மாறும். ஃபைல் மேனேஜர், பேக்கப், வைரஸ் தடுப்பு போன்றவற்றுக்கு இது நியாயமானது. பிடிஎஃப் படிக்கும் செயலிகள் சிலவும் இதைக் கேட்கின்றன. மறுத்துவிட்டு, ஃபைல் மேனேஜரில் அந்த பிடிஎஃப்பைத் தொட்டு அதே செயலியில் திறந்து பாருங்கள். அந்த ஒரு கோப்பு மட்டும் அதற்குக் கிடைக்கும், படிக்கவும் முடியும்.

அனுமதியை இன்று பறித்தாலும், செயலி ஏற்கெனவே தன் சர்வருக்கு ஏற்றிக்கொண்ட படம் திரும்பி வராது. ஆகவே அட்டைப் படங்களை அனுப்பிய கையோடு கேலரியிலிருந்தும், அதன் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கிவிடுகிறேன். வீட்டில் பெரியவர்களுக்குக் கைமாறிய பழைய போன் ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கும் முந்தையது என்றால், சில படங்களுக்கு மட்டும் அனுமதி தரும் வழி அதில் இல்லை. தேவையற்ற செயலிகளை நீக்குவதும், ஆண்ட்ராய்டு 6 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் மற்றவற்றுக்கு ஸ்டோரேஜ் அனுமதியையே மறுப்பதும்தான் அங்கு வழி.