ஒரு மில்லிவினாடிக்காக

நவம்பர் 11
மண்ணுக்கடியில் கருங்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க, சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் கிழக்குச் சரிவில், தரையதிர்வைப் பிடிக்கும் 48 ஜியோபோன்களைப் பதித்து முடித்தோம். குன்றின் உயரம் 164 மீட்டருக்குள்தான். ஆனால் வேரும் வழுக்குமண்ணுமான சரிவில் பேட்டரியைச் சுமந்து இறங்கினால் மூச்சு வாங்குகிறது. ஜியோபோனுக்குள் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள். தரை அசைந்தால் சின்ன மின்னழுத்தம் பிறக்கும். அதை நொடிக்கு 500 முறை, 24 பிட்டில் பதிகிறோம். ஒரு ஜியோபோனுக்கு ஒரு தடம்; 48 தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 576,000 பிட்.

நவம்பர் 12
கேபிளே வேண்டாம், எல்லாம் ரேடியோவில் வரட்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். காலையில் நன்றாகத்தான் வந்தது. மதியம் மழை கொட்டியதும் பள்ளத்துப் பதிவுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டன. நனைந்த இலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடும்.

அதைவிட மோசம், வந்த பதிவிலேயே, சம்மட்டி அடியிலிருந்து ஒவ்வொரு ஜியோபோனுக்கும் முதலில் வந்த அலைகள் ஒரே கோட்டில் அமையாமல் பல்வரிசைபோல மேலும் கீழுமாக இருந்தன. மரங்களுக்கடியில் ஜிபிஎஸ் சரியாக எட்டாததால் பெட்டிக்குப் பெட்டி கடிகாரம் விலகியிருக்கிறது. கருங்கல்லில் அதிர்வு நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். ஒரு மில்லிவினாடி பிசகினால் 5 மீட்டர் பிசகு. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 13
மழை. பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றினோம், அவ்வளவுதான்.

நவம்பர் 14
பசியாறும்போது புதுக்கோட்டை அண்ணனிடம் சொன்னேன். "பள்ளத்துல கேபிளப் போடு தம்பி. வானம் தெரியற இடத்துல மட்டும் ரேடியோவ வை" என்றார். அப்படியே செய்தோம். மேட்டிலுள்ள பெட்டி ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரத்தைப் பிடித்துக் கேபிள் வழியே கீழே அனுப்பும். அதே கேபிளில் பதிவுகள் மேலே வரும். அங்கிருந்து அடிவாரத்து வேனுக்கு ரேடியோ. குரங்குகள் கடிக்காமலிருக்க இணைப்புகளுக்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்டினோம்.

நவம்பர் 15
விரைவுச்சாலையில் லாரிகள் பெருகுமுன்னே தொடங்கிவிட்டோம். ஒரே இடத்தில் சம்மட்டியால் 16 அடி. எல்லாவற்றையும் கூட்டினால், இரைச்சலைவிட நம் அதிர்வு 4 மடங்கு தெளியும், நேரம் ஒத்துப்போனால் மட்டும். ஒத்துப்போனது! 48 தடங்களும் திரையில் வந்தன. தூரம் கூடக்கூட அலை வந்துசேரும் நேரத்தைக் காட்டும் கோடு, அலை மெதுவாக ஓடும் மண்ணில் செங்குத்தாக ஏறி, ஓரிடத்தில் முறிந்து சாய்வு தணிந்தது. அங்கிருந்து அலை வேகமாக ஓடுகிறது, அது கருங்கல். கை நடுங்கியது எனக்கு.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிட்டப்போய்ப் பார்த்தார். "ஏழாவது தடம் சரியில்லையே. ஜியோபோன் சாஞ்சிருக்கும், போய்ப் பாத்துட்டு வா."

சரி என்று மறுபடி இறங்கினேன்.